காரை பெயர்ந்த முகப்பு: ஒரு பழைய வீட்டின் படமெடுப்பும் திருத்தமும்

பழைய வீடுகளின் படங்களில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சுவர், கதவு, ஓடு, வானம், புல் எல்லாமே ஒரே அளவு சொரசொரப்பாக, சாம்பல் பூசினாற்போல் இருக்கும். கூரை விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். கதவுக்கு உள்ளே இருக்க வேண்டிய இருட்டு வெளுத்துப்போய்ப் புள்ளி புள்ளியாகத் தெரியும். திருத்தியவரின் கை மீறிவிட்டது என்று சொல்லிவிடலாம். கை ஏன் மீறியது என்று தேடினால் காரணம் படம் எடுத்த வேளையில் கிடக்கிறது. சுவரின் மேடுபள்ளத்தை வெளிச்சம் பதிவு செய்யவில்லை. பதிவாகாத ஒன்றைத் திருத்தத்தில் வரவழைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வில் ஒரே முகப்பு, ஒரே இடத்தில் நின்ற டிரைபாடிலிருந்து, இரண்டு வெளிச்சங்களில் எடுக்கப்பட்டது: ஒன்று மேகமூட்டத்தில், மற்றொன்று சுவரை உரசிச் செல்லும் காலை வெயிலில். இரண்டும் தனித்தனியாகத் திருத்தப்பட்டன. எது எங்கே தேறியது, எது எங்கே கெட்டது, அதற்கு என்ன காரணம் என்பதே கீழே இருப்பது.

வீடும் அதன் தேய்மானமும்

ஆளில்லாத ஓட்டு வீடு. முகப்பு 9 மீட்டர் அகலம், முகடு வரை 6 மீட்டர் உயரம். செங்கல் சுவருக்கு மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் பல அடுக்கு வெள்ளையடிப்பு. சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, அதாவது இறவாரம், 60 செ.மீ. நடுவில் இரட்டைக் கதவு, அதன் இருபுறமும் கம்பி போட்ட சன்னல்கள், கதவுக்கு முன்னால் இரண்டு மரத்தூண்கள்.

கேமராவைத் தொடுவதற்கு முன் சுவரைப் படித்துவிட வேண்டும். ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்தால்தான் திருத்தத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது பிடிபடும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை ஓதம் ஏறியிருக்கிறது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகிக் காரையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் காரை முதலில் உப்பி, பிறகு பெயர்ந்து விழுகிறது. பெயர்ந்த இடத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான், சுண்ணாம்பு அல்ல. இரண்டும் வெள்ளையென்றாலும் உப்புக்குத் தூள் போன்ற மென்மை உண்டு, வெள்ளையடிப்புக்குத் தூரிகைத் தடம் உண்டு. படத்தில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

சன்னல் கம்பி சுவரில் பதியும் இடங்களிலிருந்து துரு வழிந்திருக்கிறது. சன்னல் அடிக்கட்டையின் இரு முனைகளிலிருந்தும் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றன. மழைநீர் ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கும் தடத்தில் நுண்ணுயிர்கள் படர்ந்து காய்ந்த கறை அது. கதவின் மேல்பாதியில் பச்சைப் பெயின்ட் செதிள் செதிளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைத்துளி தெறிக்கும் கீழ்ப்பாதியில் பெயின்ட் போய் மரம் வெள்ளிச் சாம்பலாகியிருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, எஞ்சிய செல்லுலோஸ் நாரின் நிறம் இந்தச் சாம்பல். படத்தில் இந்த மரம் பழுப்பாக வந்தால் அது தவறான படம்.

வெளிச்சத்தின் கணக்கு

காரைப் படலம் ஒன்றின் விளிம்பு 1 மி.மீ. தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கதிர் சுவரோடு 45 பாகையில் விழுந்தால் அந்த விளிம்பின் நிழல் 1 மி.மீ. நீளம். 13 பாகையில் விழுந்தால் 4.3 மி.மீ. நேராக முகத்தில் விழுந்தால் நிழலே இல்லை. மேகமூட்டத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வருவதால் நிழலுக்கு விளிம்பு கிடையாது.

இதைப் பிக்சலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் 6000 × 4000 பிக்சல். 50 மி.மீ. லென்ஸை மாட்டி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, சுவரிலிருந்து 14 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பிக்சலுக்குச் சுவரில் 1.68 மி.மீ. கிடைக்கிறது. 45 பாகை வெளிச்சத்தில் அந்த 1 மி.மீ. நிழல் 0.6 பிக்சல். ஒரு பிக்சல்கூட இல்லாததை எந்த ஷார்ப்பனிங்கும் வெளியே கொண்டுவராது. 13 பாகையில் அதே நிழல் 2.6 பிக்சல். தெளிவாகப் பதிவாகிவிடும். பழைய சுவர் பழையதாகத் தெரிவதும் அழுக்கான சுவராகத் தெரிவதும் இந்த இரண்டு பிக்சல் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கதிர் சுவரோடு எத்தனை பாகையில் உரசும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். சூரியனின் உயரக் கோணத்தின் கொசைனை, சூரியத் திசைக்கும் சுவர் நேராகப் பார்க்கும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். வரும் எண் எந்தக் கோணத்தின் சைன் மதிப்போ அதுவே உரசும் கோணம். சூரியத் திசையையும் உயரத்தையும் தேதிவாரியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. சுவரின் திசையைத் திசைகாட்டியால் அளந்துகொள்ளலாம். கம்பி, இரும்புக் கதவு ஆகியவற்றிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று அளக்க வேண்டும், இல்லையென்றால் முள் ஏமாற்றும்.

இந்தச் சுவர் தெற்கு நோக்கியது (180 பாகை). சூரியன் 103 பாகைத் திசையில் 12 பாகை உயரத்தில் இருக்கும்போது உரசும் கோணம் ஏறக்குறைய 13 பாகை. சூரியன் 109 பாகைக்கு நகர்ந்து 30 பாகை உயரத்துக்கு ஏறும்போதுகூட 16 பாகைதான். கோணத்தை மட்டும் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருப்பதுபோல் தோன்றும். இறவாரம் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. இறவார நீளத்தை உயரக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கி, முன்சொன்ன திசை வித்தியாசத்தின் கொசைனால் வகுத்தால் அதன் நிழல் சுவரில் எவ்வளவு இறங்கும் என்பது தெரியும். சூரியன் 12 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் 57 செ.மீ., 20 பாகையில் 82 செ.மீ., 30 பாகையில் 106 செ.மீ. ஒரு மீட்டரைத் தாண்டிய நிழல் சன்னல்களின் மேல்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே நல்ல நேரம் 12 முதல் 20 பாகை வரை, ஏறக்குறைய அரை மணி நேரம். பட்டியல் போட்டுக்கொண்டு நிதானமாக எடுக்க அது போதும். இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால் போதாது. டிரைபாட் நிற்க வேண்டிய புள்ளியை முதல் நாளே குறித்து வைப்பது நல்லது.

உரசும் வெளிச்சத்துக்கு ஒரு விலையும் உண்டு. 13 பாகையில் விழும் கதிர் சுவருக்கு முழு வெயிலில் கால் பங்குக்கும் குறைவாகவே தருகிறது. சூரியனைப் பார்த்து நிற்கும் தூணின் பக்கத்துக்கோ முழு வெயில் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே 2 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). சுவருக்குச் சரியாக அளந்தால் தூணின் ஓரமும் சன்னல் சட்டத்தின் பக்கவாட்டும் எரிந்துபோகும். தூணுக்கு அளந்தால் சுவர் மங்கும். ஒரே எக்ஸ்போஷரில் (ஒரே வெளிச்ச அளவில்) முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் தூண் இல்லாத வீட்டைச் சொல்கிறார்.

எடுத்த முறை

கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், மேலும் கீழும் சாயாமல் மட்டமாக. 50 மி.மீ. லென்ஸ் செங்குத்தாக இருக்கும்போது 14 மீட்டர் தூரத்தில் கேமரா மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் தெரியும், முகடு தாராளமாக உள்ளே வந்துவிடும். அண்ணாந்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்தலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது. நிமிர்த்தும்போது மேல்பகுதி அகலமாக இழுக்கப்படுகிறது, ஓடுகளுக்கு வேண்டிய பிக்சல் அங்கேதான் குறைகிறது. 1 பாகைக்குள் உள்ள சாய்வை மட்டும் மென்பொருளுக்கு விடலாம். இடம் நெருக்கமாக இருந்து பின்வாங்க முடியாத வீட்டுக்கு கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ்தான் நேரான வழி.

அகலத்துக்கு மூன்று ஃப்ரேம்கள், ஒன்றோடொன்று பாதி மேற்கவியும்படி 13 பாகை திருப்பி. ஒவ்வொரு நிலையிலும் மூன்று எக்ஸ்போஷர்: சுவருக்கு ஒன்று, தூணின் எரியும் பக்கத்துக்கு 2 ஸ்டாப் குறைத்து ஒன்று, கதவின் உள்ளிருட்டுக்கு 2 ஸ்டாப் கூட்டி ஒன்று. ஐஎஸ்ஓ (உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் ஏறினால் துளை சிறுக்கும்), ஷட்டர் முறையே 1/30, 1/125, 1/8 நொடி. மேனுவல் எக்ஸ்போஷர், மேனுவல் ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையின் சாயல்) ஒரே எண்ணில் பூட்டப்பட்டது. கோப்பு 14 பிட் ரா, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு. எஃப்/16க்குப் போகக் கூடாது. இந்த சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். பச்சை வெளிச்சத்தில் எஃப்/8க்கு ஏரி வட்டு (ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் விரியும் வட்டம்) ஏறக்குறைய 11 மைக்ரான், எஃப்/16க்கு 21 மைக்ரான். அதாவது நாம் பாடுபட்டுச் சேர்த்த 2.6 பிக்சல் நிழலை, சிறு துளையில் வெளிச்சம் விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் தின்றுவிடும். தட்டையான முகப்புக்கு எஃப்/16 தரும் ஆழம் எதற்கும் பயன்படுவதுமில்லை.

ஃபோகஸைப் பெயர்ந்த காரையின் விளிம்பில் வைத்து, லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையால் சரிசெய்ய வேண்டும். வெள்ளைச் சுவரின் வெற்றிடத்தில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்து, 2 நொடி டைமரில் எடுக்கலாம். சுவர் மட்டும் என்றால் கேமராவை எந்த அச்சில் திருப்பினாலும் இணைப்பு சரியாக வரும். முன்னால் தூண்கள் நிற்பதால் லென்ஸின் இடமாறா அச்சில் (திருப்பினாலும் அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஒன்றுக்கொன்று நகராத புள்ளியில்) திருப்பும் சறுக்குத் தகடு தேவைப்பட்டது. அது இல்லாமல் எடுத்தால் தூணின் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும்.

போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டி) வேண்டாம். ஈர ஓட்டின் பளபளப்பை அது குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று ஃப்ரேம்களை இணைக்கும்போது வானம் பட்டை பட்டையாக இருளும்.

கடைசியாக, நிறத்தை அளக்க உதவும் நடுநிலைச் சாம்பல் அட்டையை வைத்து மூன்று படங்கள்: வெயில்பட்ட சுவரில், இறவார நிழலில், தரையை ஒட்டி. மூன்றாவது எதற்கு என்று கேட்கலாம். புல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் அடியில் பச்சையாகப் படிகிறது. அட்டையிலும் அதே பச்சை தெரிந்தால் அது பாசி அல்ல, பிரதிபலிப்பு.

மேகமூட்டப் படம் கெட்ட விதம்

இந்தப் படத்தின் ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவல் வரைபடத்தில்) சுவர் முழுவதும் 2 ஸ்டாப்புக்குள் அடங்கியிருந்தது. நிறம் அருமையாக இருந்தது. துருவும் பாசியும் பச்சைப் பெயின்ட்டும் தனித்தனியாக நின்றன. ஆனால் காரையின் தடிப்பு எங்கும் இல்லை. வழக்கமாகச் செய்யப்படுவதுபோல் லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளில், மாறுபாட்டைக் கூட்டும் கருவிகளான கிளாரிட்டி 60, டெக்ஸ்சர் 50, டீஹேஸ் 25 கொடுக்கப்பட்டது. முதல் பார்வைக்குப் படம் உயிர்பெற்றதுபோல் இருந்தது. 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தபோது நடந்தது வேறு என்று தெரிந்தது.

கிளாரிட்டிக்கு மேடு எது, கறை எது என்று தெரியாது. அருகருகே இருக்கும் வெளிச்ச வித்தியாசத்தை மட்டுமே அது பெருக்கும். தட்டையான வெளிச்சத்தில் சுவரில் இருந்த வித்தியாசமெல்லாம் கறையால் வந்தவை. ஆகவே கறை பெருகியது, மேடு வரவில்லை. சன்னலடிக் கறுப்புக் கோடுகள் கரிக்கோடுகளாயின. காரைக்கும் செங்கலுக்கும் இடையிலுள்ள 15 மி.மீ. பள்ளம் பெயின்ட் அடித்த திட்டுபோல் சமதளமாகவே இருந்தது. கூரை விளிம்பில் வானத்துப் பக்கம் வெளிர் வளையம் விழுந்தது. டீஹேஸ் நிழலின் நிறச்செறிவை ஏற்றியதால் வெள்ளிச் சாம்பல் மரம் நீலமாகிவிட்டது. கதவின் உள்ளிருட்டில் இரைச்சல் (புள்ளி புள்ளியான கரகரப்பு) கிளம்பியது.

மேகமூட்டம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. கதவை மட்டும் நெருங்கி எடுக்க, மழை நின்ற பின் ஈர மரத்தின் ரேகையைக் காட்ட, பாசியின் பச்சையைக் காட்ட அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. முழு முகப்புக்குத்தான் அது ஆகாது.

திருத்தம்: ஆரத்தைச் சுவரின் அளவில் தேர்ந்தெடுத்தல்

காலைப் படங்களுக்கு முதலில் செய்தது இணைப்பு. ஹுகின் மென்பொருளில், நேர்கோடு நேர்கோடாகவே நிற்கும் ரெக்டிலீனியர் வீச்சில் மூன்று நிலைகளையும் இணைத்து, தூண், நிலைக்கால், சுவர் ஓரங்களில் செங்குத்துக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்து நிமிர்த்தப்பட்டது. மூன்று எக்ஸ்போஷருக்கும் ஒரே இணைப்பு வரைவைப் பயன்படுத்தினால் மூன்றும் பிக்சல் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். 16 பிட் டிஃப் கோப்புகளாக எடுத்து, 10.5 × 7 மீட்டர் பரப்புக்கு வெட்டியபின் கிடைத்தது ஏறக்குறைய 6250 × 4170 பிக்சல்.

பல எக்ஸ்போஷர்களைத் தானே கலக்கும் தானியங்கி எச்டிஆர் பயன்படுத்தப்படவில்லை. சுவருக்கான படம் அடி லேயர். அதன்மேல் இருட்டான படம், தூணின் பக்கமும் சன்னல் சட்டத்தின் ஓரமும் மட்டும் தெரியும் மாஸ்க்கோடு. வெளிச்சமான படம் கதவின் திறப்புக்கு மட்டும், 35 சதவீதத்தில். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவது நோக்கமல்ல, நிலைக்காலின் உள்விளிம்பு இருட்டில் கரையாமல் நின்றால் போதும். திறப்பின் எல் மதிப்பு (0 கறுப்பு, 100 வெள்ளை) 6 முதல் 12 வரை வைக்கப்பட்டது. அதைத் தாண்டி வெளுத்தால் வீட்டுக்குள் யாரோ விளக்கு வைத்ததுபோல் ஆகிவிடும். புல்லும் செடியும் அடி லேயரிலிருந்தே வர வேண்டும். 1/8 நொடிப் படத்தில் அவை அசைந்திருக்கும், கலந்தால் பேய்போல் இரட்டையாகத் தெரியும்.

அடுத்தது இந்த ஆய்வின் மையம். லோக்கல் கான்ட்ராஸ்ட் (அருகருகே உள்ள வெளிச்ச வித்தியாசம்) கருவிகளின் ஆரத்தை, அதாவது அவை செயல்படும் அகலத்தை, கண்ணுக்குப் பிடித்த எண்ணில் வைக்காமல், சுவரில் இருக்கும் பொருளின் மில்லிமீட்டரிலிருந்து பெற வேண்டும். இந்தச் சுவரில் மூன்று அளவுகள் உண்டு. ஓதத் திட்டுகளும் மங்கிய வெள்ளையடிப்புப் பரப்புகளும் 20 முதல் 60 செ.மீ., அதாவது 120 முதல் 360 பிக்சல். பெயர்ந்த காரையின் விளிம்பு, செங்கல் இடுக்கு, பெயின்ட் செதிள் எல்லாம் 1 முதல் 5 செ.மீ., 6 முதல் 30 பிக்சல். தூரிகைத் தடம், மணல் துகள், மர ரேகை 1 முதல் 4 மி.மீ., ஒன்றிரண்டு பிக்சல்.

பெரிய அளவைத் தொடவே வேண்டியதில்லை. அதைப் பெருக்கினால் சுவர் அழுக்காகும். மேகமூட்டப் படத்தில் நடந்தது அதுதான். கண்ணை உறுத்தும் ஓரிரு ஓதத் திட்டுகளை, குறிப்பிட்ட வெளிச்ச அளவுகளை மட்டும் மாற்றும் டோன் ஈக்வலைசரில் கால் ஸ்டாப் தூக்கிவிட்டதோடு சரி. நடு அளவுதான் வயதைச் சொல்வது. அதற்கு அன்ஷார்ப் மாஸ்க் (விளிம்பின் மாறுபாட்டைக் கூட்டும் கருவி), ஆரம் 10 பிக்சல், அளவு 20 சதவீதம், வெளிச்சத்தில் மட்டும் செயல்படும்படி லூமினாசிட்டி கலப்பில். இதற்கு ஒரு மாஸ்க்: சுவர், கதவு, செங்கல் மட்டும். வானம், புல், ஓட்டின் மேல்விளிம்பு விலக்கப்பட்டன. ஆரம் 10 என்றால் வளையம் விழுந்தாலும் அத்தனை பிக்சல் அகலத்துக்கு விழும் என்பதால், மாஸ்க்கைக் கூரை விளிம்பிலிருந்து 12 பிக்சல் உள்ளே இழுத்தால் பாதுகாப்பு. சிறிய அளவுக்கு ரா மாற்றத்தின்போதே ஷார்ப்பனிங், ஆரம் 0.8, அளவு 45. அதற்கு மேல் ஏற்றினால் தூரிகைத் தடத்துக்கும் உப்புத் தூளுக்கும் வேறுபாடு போய்விடும்.

வேறு வீட்டுக்கு, வேறு தூரத்துக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துப் போகக் கூடாது. முறையை எடுத்துப் போகலாம். சுவரில் அளந்த ஒரு பொருள், உதாரணமாகக் கதவின் அகலம், படத்தில் எத்தனை பிக்சல் என்று பார்த்தால் பிக்சலுக்கு எத்தனை மி.மீ. என்பது வந்துவிடும்.

அதன்பின் டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது இடம் பார்த்து வெளிச்சம் கூட்டுவதும் குறைப்பதும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயர், சாஃப்ட் லைட் கலப்பு, மென்மையான பிரஷ், ஃப்ளோ 4 சதவீதம். இங்கேதான் திசை தவறக் கூடாது. தெற்குச் சுவரை எதிரில் நின்று பார்த்தால் கிழக்கு வலப்பக்கம், வெயில் வலமிருந்து வருகிறது. புடைத்து நிற்கும் காரைக்கு வல விளிம்பு ஒளிரும், இட விளிம்பில் நிழல். காரை பெயர்ந்த பள்ளத்துக்கு நேர் எதிர்: வல விளிம்பின் நிழல் பள்ளத்துக்குள் விழும், இட விளிம்பு ஒளிரும். பழக்கத்தில் எல்லாத் திட்டுக்கும் இடப்பக்கத்தைக் கறுக்கச் செய்தால் பள்ளம் மேடாகிவிடும். பார்ப்பவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் சுவர் தடுமாறுவது தெரியும். வேறு நேரத்தில் எடுத்த துண்டை ஒட்டுவதும், மேகம் நிறைந்த வேறொரு வானத்தை மாற்றி வைப்பதும் கெடுவது இதே காரணத்தால். வெளிச்சத்தின் திசை பொருந்தாது. இந்தப் படத்தில் வானம் வெளிர்நீலமாக, வெறுமையாகவே விடப்பட்டது. சுவருக்கு அது போட்டியாக இல்லை.

விவரங்களைக் கற்பனையால் நிரப்பிக் கூட்டும் செயற்கை நுண்ணறிவுப் பெரிதாக்கிகளை இந்த வகைப் படத்துக்கு ஏற்க முடியாது. பூச்சு உதிர்ந்த செங்கல்லுக்கு அவை கல்லின் தோலைப் போட்டுவிடும், பாசியை மணலாக்கிவிடும். இல்லாத தேய்மானத்தை வரைவது பழைய வீட்டுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

நிறம்

வெயில்பட்ட சுவரில் அட்டை காட்டிய ஒயிட் பேலன்ஸ் எண் 4000 கெல்வின் அருகில். அந்த எண்ணையே வைத்தால் வெள்ளை துல்லியமாக வெள்ளையாகும், காலை நேரம் காணாமல் போகும். 4600 வைத்தால் மெல்லிய இளஞ்சூடு தங்கும். இதில் இறவார நிழல் கடும் நீலமாகிறது, ஏனென்றால் அங்கே வெளிச்சம் தருவது திறந்த வானம். நிழலுக்குத் தனி மாஸ்க் போட்டு நீலத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுக்கப்பட்டது. முழுதும் எடுத்தால் நிழல் நிழலாக இல்லாமல் வெளிச்சம் குறைந்த வெயில்போல் ஆகும். கதவின் சாம்பல் மரத்துக்கு இன்னொரு மாஸ்க், நிறச்செறிவு மட்டும் 30 சதவீதம் குறைத்து.

துரு, காவி படிந்த சுண்ணாம்பு, பாசி மூன்றும் நிறச்சக்கரத்தில் அக்கம்பக்கத்து வீடுகள்: இந்தப் படத்தில் துரு 15 முதல் 35 பாகை, காவிக்கறை 40 முதல் 50, பாசி 70 முதல் 110. மொத்தச் செறிவை ஏற்றினால் முதலிரண்டும் ஒரே ஆரஞ்சாகக் கலந்துவிடும். செறிவை ஏற்றாமல் நிறத்தைப் பிரிக்க வேண்டும். துருவை 4 பாகை சிவப்புப் பக்கமும் பாசியை 5 பாகை பச்சைப் பக்கமும் நகர்த்தி, காவியை அப்படியே விட்டதில் மூன்றும் பிரிந்தன. சுவரின் அடியில் புல் தந்த பச்சைச் சாயலைச் சரிசெய்ய, அட்டைப் படத்திலிருந்து அளந்த அளவுக்கு மெஜந்தா, கீழே அதிகமாக, 50 செ.மீ. உயரத்தில் இல்லாமல் ஆகும்படி கிரேடியன்ட் மாஸ்க்கில் கொடுக்கப்பட்டது. அதன்பிறகே உண்மையான பாசி எது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

நீக்கியவை, விட்டவை

புல்லில் கிடந்த பிளாஸ்டிக் பை நீக்கப்பட்டது. கதவில் எழுதியிருந்த பெயரும் எண்ணும் மங்கலாக்கப்பட்டன. உரிமையாளரின் அனுமதி படம் எடுப்பதற்குத்தான், அவர் விவரத்தை ஊருக்குச் சொல்வதற்கு அல்ல. கூரைக்குக் குறுக்கே போன கம்பியை நீக்குவதில் சிரமம் ஓடுகளில் வந்தது. ஹீலிங் பிரஷ் ஓட்டின் வரிசையைக் கலைத்துவிடுகிறது. குளோன் கருவியில், அதே வரிசையில் நாலைந்து ஓடு தள்ளி மூலப்புள்ளி வைத்து, ஒவ்வொரு ஓட்டுக்கும் மூலத்தை மாற்றினால் வரிசையும் நிற்கும், ஒரே ஓடு திரும்பத் திரும்ப வருவதும் தெரியாது.

உப்புப் பூத்தது, துரு வழிந்தது, கறுப்புக் கோடு, சரிந்த ஓடு, உடைந்த சன்னல் எதுவும் தொடப்படவில்லை. ஆவணத்துக்காக எடுக்கும் படமென்றால் கம்பியைக்கூட நீக்கக் கூடாது. அளவுகோல் ஒன்று சுவரில் சாய்ந்திருக்க, நிறமும் நடுநிலையில் இருக்க, தனிப் பதிப்பு தர வேண்டும். இரு தேவையையும் ஒரே கோப்பில் திணிக்க முயன்றால் இரண்டும் பாழ்.

வெளியீடு

6250 பிக்சலை இணையத்துக்காக 2048 ஆகச் சுருக்கினால் ஒரு பிக்சலுக்குச் சுவரில் 5.1 மி.மீ. கணக்கு வருகிறது. 4.3 மி.மீ. நிழல் மறுபடியும் ஒரு பிக்சலுக்குள் ஒடுங்கிவிட்டது. சிறிய அளவு அழிந்துபோன படத்தில் வயதைச் சுமக்க நடு அளவு மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே இணையப் பதிப்புக்கு, சுருக்கிய பிறகு, ஆரம் 3 பிக்சலில் 12 சதவீதம் அன்ஷார்ப் மாஸ்க் தனியாகக் கொடுக்கப்பட்டது. சுருக்கும்போது ஓட்டு வரிசையில் அலை அலையாக மொய்ரே தோன்றினால், கூரைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, சுருக்குவதற்கு முன் 1 பிக்சல் காஸியன் மங்கல் கொடுத்தால் அடங்கிவிடும். எஸ்ஆர்ஜிபி, 8 பிட், ஜேபெக் தரம் 90. வானத்தில் பட்டை விழுகிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், விழுந்தால் மிக மெல்லிய இரைச்சல் சேர்த்தால் மறையும். முழு முகப்போடு, காரை விளிம்பின் 100 சதவீத வெட்டு ஒன்றையும் சேர்த்து வெளியிடுவது நல்லது. சுவரின் தடிப்பு அதில்தான் தெரியும்.

அச்சுக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வைத்தால் 20.8 × 13.9 அங்குலம். சுண்ணாம்புச் சுவருக்கு மேட் தாள்தான் பொருத்தம், பளபளப்புத் தாளின் ஒளிர்வு காரையின் வறட்சியைக் கெடுத்துவிடும். ஆனால் மேட் தாளின் மிக ஆழ்ந்த கறுப்பே எல் 16 முதல் 20 வரைதான் இறங்கும். திரையில் 6க்கும் 12க்கும் இடையில் தெரிந்த நிலைக்கால் விளிம்பு தாளில் மொத்தமாக ஒரே கறுப்பில் மூழ்கும். தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை (தாளின் நிறத்தன்மையைச் சொல்லும் கோப்பு) வைத்து சாஃப்ட் புரூஃப் போட்டு, அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்து, கதவின் திறப்பை மட்டும் 20 முதல் 26 வரை தூக்கி, மற்ற நிழல்களை அதற்கேற்ப அரை அளவு உயர்த்தி, அச்சுப் பதிப்பு தனிக் கோப்பாகச் சேமிக்கப்பட்டது. முழு அச்சுக்கு முன் கதவும் தூணும் வெயில்பட்ட வெள்ளைச் சுவரும் அடங்கிய ஒரு துண்டை அதே தாளில், அதே அளவில் அச்சிட்டு, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எல் 92க்கு மேல் போன வெள்ளை தாளின் வெறுமையோடு கலந்துவிட்டிருந்தால் வளைகோட்டின் மேல்முனையை இரண்டு புள்ளி இறக்கிவிட்டு மறு அச்சு எடுக்கலாம்.